தோல்வியையும் மனத்தளர்ச்சியையும் ஆங்கிலத்தில் சரியாகச் சொல்வது எப்படி? கோத்தகிரி வகுப்பிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

கோத்தகிரியில் மாலை ஆறு மணிக்கு மேல் ஓர் ஆங்கில வகுப்பு நடத்துகிறேன். பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு தொடங்கியது. மழைக்காலத்தில் மேகம் ஜன்னல் வழியே உள்ளே வந்துவிடும். கரும்பலகை ஈரமாகி சாக்பீஸ் எழுதாது. அப்படி ஒரு மாலையில் ஓர் இளைஞர் தன் கைபேசியை என்னிடம் நீட்டினார். அப்பா சிறு தேயிலை விவசாயி. மகன் சுற்றுலா வேன் ஓட்டுகிறார். ஒரு தங்கும் விடுதியில் வரவேற்பாளர் வேலைக்கு நேர்காணல் போயிருக்கிறார், தேர்வாகவில்லை. அந்தச் செய்திக்கு அவர் அனுப்பிய பதிலில் இரண்டே வாக்கியங்கள்: ‘ஐ ஆம் ஃபுல்லி டிப்ரெஸ்ட். ஐ ஆம் ஹேட்டட்.’

அவர் சொல்ல நினைத்தது, ‘ரொம்ப ஏமாற்றமாக இருக்கிறது, வெறுத்துப் போய்விட்டது’ என்பது. படித்தவருக்குப் போய்ச் சேர்ந்ததோ, ‘நான் கடுமையான மன அழுத்த நோயில் இருக்கிறேன், எல்லோரும் என்னை வெறுக்கிறார்கள்’ என்பது. பதில் எதுவும் வரவில்லை.

எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. அவரிடம் உணர்ச்சிக்குக் குறைவில்லை, தமிழில் சொல்லுக்கும் குறைவில்லை. மனம் தளர்ந்தது, துவண்டு போனது, முகம் வாடியது, நெஞ்சு உடைந்தது என்று நாம் எத்தனை விதமாகச் சொல்கிறோம்! ஆங்கிலத்திலும் அதே அளவு வகைகள் உண்டு. ஒவ்வொரு சொல்லும் மூன்று செய்திகளைக் கேட்பவரிடம் கொண்டு போகிறது: எங்கே விழுந்தோம், எவ்வளவு ஆழம், இன்னும் எழுந்து நடக்கத் தெம்பு இருக்கிறதா. சொல் மாறினால் இந்தச் செய்தியே மாறிவிடும். உதவ நினைப்பவர்கூட விலகிப் போய்விடுவார். அன்று முதல் என் வகுப்பில் இந்தப் பாடத்துக்கு மூன்று மாலைகளை ஒதுக்குகிறேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: நடந்ததா, உணர்ந்ததா?

ஆங்கிலச் சொல்லைத் தேடும் முன் நோட்டுப் புத்தகத்தில் நடுவில் ஒரு கோடு போடுங்கள். இடப் பக்கம் நடந்த செய்தி, வலப் பக்கம் உங்கள் மனநிலை.

‘தோற்றுப் போய்விட்டேன்’ என்ற தமிழ் வாக்கியம் இரண்டு பக்கத்துக்கும் பொருந்தும். இறகுப்பந்துப் போட்டியில் தோற்றவரும் அதைச் சொல்வார்; வட்டி கட்டிக் கட்டி ஓய்ந்தவரும் அதையே சொல்வார். கேட்பவர் குரலையும் முகத்தையும் வைத்துப் புரிந்துகொள்வார். எழுதி அனுப்பும் ஆங்கிலத்துக்குக் குரலும் முகமும் கிடையாது.

இடப் பக்கத்துச் சொற்கள்: ‘லாஸ்ட்’, ‘பீட்டன்’, ‘டிஃபீட்டட்’, ‘ஃபெயில்ட்’, ‘ரிஜெக்டட்’. வலப் பக்கத்துச் சொற்கள்: ‘டிஸப்பாயின்டட்’, ‘டிஸ்கரேஜ்ட்’, ‘டிஜெக்டட்’, ‘டிஸ்பான்டன்ட்’. போட்டியிலும் தேர்தலிலும் தோற்றால் ‘லாஸ்ட்’. தேர்வில் தோற்றால் ‘ஃபெயில்ட்’. ‘ஐ லாஸ்ட் தி எக்ஸாம்’ என்று யாரும் சொல்வதில்லை. விண்ணப்பம் திரும்பி வந்தால் ‘ரிஜெக்டட்’ அல்லது சற்று மென்மையாக ‘டர்ன்ட் டவுன்’.

இடப் பக்கத்துச் சொல்லை வலப் பக்கத்துக்குக் கொண்டுபோக ஒரு பாலம் இருக்கிறது. ‘ஃபீல்’ என்ற வினைச்சொல்தான் அது. ‘ஐ வாஸ் டிஃபீட்டட்’ என்றால் யாரோ உங்களைத் தோற்கடித்தார்கள். ‘ஐ ஃபீல் டிஃபீட்டட்’ என்றால் எதிரே ஆள் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. கேத்தி பள்ளத்தாக்கில் ஒருவர் கேரட் போடுகிறார். ஒரு வருடம் காட்டுப்பன்றி தோண்டிவிடுகிறது, அடுத்த வருடம் மழை அழுகச் செய்கிறது, அதற்கடுத்த வருடம் விலை விழுகிறது. அவர் சொல்ல வேண்டியது ‘ஐ ஃபீல் டிஃபீட்டட்’ என்பதுதான். ‘ஐ ஃபீல் பீட்டன்’ என்றாலும் சரியே. இந்த ஒரு சொல்லின் வேறுபாட்டை மட்டும் பிடித்துக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

இரண்டாம் படி: ‘வின்’, ‘பீட்’, ‘லூஸ்’ மூன்றையும் பழக்குதல்

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்து வரும் பையன்கள் திங்கட்கிழமை தவறாமல் சொல்லும் வாக்கியம்: ‘வீ வன் குன்னூர்.’ குன்னூர் அணியை வென்றோம் என்பதன் நேர் மொழிபெயர்ப்பு. தமிழில் ஆளையும் வெல்லலாம், ஆட்டத்தையும் வெல்லலாம், பரிசையும் வெல்லலாம். ஆங்கிலத்தில் ‘வின்’ என்றால் கைக்கு வந்து சேருவது: கோப்பை, ஆட்டம், பரிசு, தேர்தல். எதிரே நின்றவரைச் சொல்ல வேண்டுமானால் ‘பீட்’. ஆகவே ‘வீ வன் தி மேட்ச்’, ஆனால் ‘வீ பீட் குன்னூர்’. ‘வீ வன் குன்னூர்’ என்பதைக் கேட்கும் ஆங்கிலேயருக்குக் குன்னூர் ஊரையே பரிசாக வாங்கி வந்ததுபோல் தோன்றும்.

தோற்றால்: ‘வீ லாஸ்ட் தி மேட்ச்’, ‘வீ லாஸ்ட் டு குன்னூர்’, ‘வீ வேர் பீட்டன் பை குன்னூர்’. அந்த ‘டு’வை விடாதீர்கள். விட்டுவிட்டால் ‘வீ லாஸ்ட் குன்னூர்’ என்பது கையிலிருந்த குன்னூரைத் தொலைத்துவிட்டோம் என்றாகிவிடும்.

‘பீட்’ என்பதன் மூன்று வடிவங்கள்: பீட், பீட், பீட்டன். நிகழ்காலமும் இறந்தகாலமும் ஒன்றே. ‘பீட்டட்’ என்று ஒன்று கிடையாது.

எழுத்துப் பிழை ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைத் திருத்தித் திருத்தி என் சிவப்பு மை தீர்ந்திருக்கிறது. தோற்பது என்ற ‘லூஸ்’ சொல்லுக்கு ஒரே ஒரு ஓ எழுத்து. கடைசி ஒலி தேனீ ரீங்கரிப்பதுபோல் அதிரும். இரண்டு ஓ போட்டால் அது தளர்ந்த சட்டையைச் சொல்லும் ‘லூஸ்’.

‘பீட்டன்’ என்ற சொல்லில் கவனம் தேவைப்படும் இன்னொரு மடிப்பு உண்டு. நாமும் ‘நல்ல அடி வாங்கினோம்’ என்று தோல்வியைச் சொல்கிறோம் அல்லவா? அதுபோல் ஆங்கிலத்திலும் அடிபடுவதும் தோற்பதும் ஒரே சொல். மைதானத்தைப் பற்றிப் பேசும்போது குழப்பம் வராது. வீடு, பள்ளி, காவல் நிலையம், மருத்துவமனை பற்றிப் பேசும்போது ‘ஷீ வாஸ் பீட்டன்’ என்றால் அந்தப் பெண்ணை யாரோ உடலில் அடித்தார்கள் என்று மட்டுமே பொருள். என் வகுப்பில் செவிலியர் பயிற்சி பெறும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். நோயாளியின் குறிப்பில் அந்த ஒரு சொல் காவல் துறை வரை போகக்கூடியது.

‘ஐ ஆம் பீட்’ என்று அமெரிக்கப் பயணி வேனில் ஏறிச் சொன்னால் பதற வேண்டாம். களைத்துவிட்டேன் என்கிறார், அவ்வளவுதான்.

மூன்றாம் படி: தோல்வியின் அளவு

ஒரு ரன்னில் தோற்பதும் பத்து விக்கெட்டில் தோற்பதும் ஒன்றல்ல. மயிரிழையில் தவறினால் ‘நேரோலி பீட்டன்’ அல்லது ‘எட்ஜ்ட் அவுட்’. சாதாரணத் தோல்வி ‘பீட்டன்’. செய்தித்தாள் நடையில் ‘டிஃபீட்டட்’. பெருந்தோல்விக்கு ‘த்ராஷ்ட்’, ‘ஹேமர்ட்’, ‘ட்ரவுன்ஸ்ட்’. படை சிதறி ஓடுவதுபோல் நிலைகுலைந்தால் ‘ரௌட்டட்’. ‘வாங்க்விஷ்ட்’ என்பது வரலாற்றுப் புத்தகச் சொல். கேரம் ஆட்டத்துக்குப் போடாதீர்கள்.

‘த்ராஷ்’ என்ற சொல்லில் எனக்குத் தனி ஈடுபாடு. கதிரடிப்பதைச் சொல்லும் ‘த்ரெஷ்’ என்ற சொல்லும் இதுவும் ஒரே வேர். களத்தில் கதிரைப் பரப்பி மணி உதிரும்வரை அடிக்கும் செயல்தான் பெருந்தோல்வியின் பெயராகிவிட்டது. நம் மலையில் தேயிலையும் காய்கறியும் வருவதற்கு முன் சாமையும் கேழ்வரகும்தான் பயிர். ஹட்டிகளில் (படுகர் ஊர்களில்) பெரியவர்களுக்கு அந்தக் களத்துச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. தமிழ் இதே கருத்துக்கு வேறிடம் போனது. ‘துவைத்து எடுத்துவிட்டார்கள்’ என்கிறோம்; நமக்குத் துணி துவைக்கும் கல், அவர்களுக்குக் கதிரடிக்கும் களம். இப்படி ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் மாணவர்கள் அந்தச் சொல்லை மறப்பதே இல்லை.

தேர்தல் பற்றி ஒரு குறிப்பு. ‘டெபாசிட் இழந்தார்’ என்பதை அப்படியே ‘லாஸ்ட் ஹிஸ் டெபாசிட்’ என்று சொல்லலாம், அது நல்ல ஆங்கிலம். ஆனால் அளவு வேறு: இந்தியாவில் செல்லுபடியான வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெறாவிட்டால் போகும், பிரிட்டனில் நூற்றுக்கு 5 விழுக்காட்டுக்கு மேல் பெறாவிட்டால் போகும்.

நான்காம் படி: சொல்லின் எலும்பைத் தொட்டுப் பார்த்தல்

இந்தப் படியில்தான் நான் அதிக நேரம் நிற்பேன். மனப்பாடம் செய்த சொல் ஒரு வாரத்தில் போய்விடும். உள்ளே என்ன படம் இருக்கிறது என்று தெரிந்த சொல் போகாது.

‘கரேஜ்’ என்றால் துணிவு. அதன் அடியில் இருப்பது ‘கோர்’ என்ற லத்தீன் சொல்; பொருள் இதயம். முன்னால் ‘டிஸ்’ சேர்ந்தால் நீக்குதல். ஆகவே ‘டிஸ்கரேஜ்ட்’ என்றால் நெஞ்சு எடுக்கப்பட்ட நிலை. ‘நெஞ்சுரம் போய்விட்டது’ என்று நாம் சொல்வதற்கு இதைவிட நெருக்கமான சொல் இல்லை. பிரெஞ்சு வழியாக வந்த இந்தச் சொல்லுக்கு அருகிலேயே ஆங்கிலத்தின் சொந்தச் சொல்லான ‘ஹார்ட்’ வைத்து ‘டிஸ்ஹார்ட்டன்ட்’ என்று ஒன்றும் இருக்கிறது. இரண்டும் அகராதியில் ஒன்றுபோல் தெரியும். பயன்பாட்டில் நான் காணும் வேறுபாடு இது: ‘டிஸ்கரேஜ்ட்’ என்றவர் மேலே தொடரும் விருப்பத்தை இழந்திருக்கிறார், ‘டிஸ்ஹார்ட்டன்ட்’ என்றவரிடம் வருத்தத்தின் பங்கு கூடுதல். மூன்று முறை ஓட்டுநர் உரிமத் தேர்வில் தவறி, நான்காம் முறை போகத் தயங்குபவர் ‘டிஸ்கரேஜ்ட்’. உழைத்துச் செய்த ஏற்பாட்டைப் பார்க்க யாருமே வராத விழாக் குழுவினர் ‘டிஸ்ஹார்ட்டன்ட்’.

‘டிஸ்கரேஜ்’ என்ற வினைக்கு இரண்டாவது பொருள் ஒன்று உண்டு: வேண்டாம் என்று தடுக்கப் பார்ப்பது. ‘மை மதர் டிஸ்கரேஜ்ட் மீ ஃப்ரம் கோயிங் டு திருப்பூர்’ என்றால் அம்மா போக வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். நீங்கள் போயிருக்கவும் கூடும். ‘ஃப்ரம்’ போட்டு அடுத்த வினையில் ‘இங்’ சேர்க்க வேண்டும். ‘டிஸ்கரேஜ்ட் மீ டு கோ’ தவறு. அறிவிப்புப் பலகையில் குரங்குகளுக்கு உணவளிப்பது ‘டிஸ்கரேஜ்ட்’ என்றிருந்தால், குரங்குகள் மனம் தளர்ந்திருப்பதாக அர்த்தமில்லை. சிரித்தார்கள் மாணவர்கள், ஆனால் இதே தவறான பொருளில் ஒருவர் பயணிகளுக்கு மொழிபெயர்த்திருக்கிறார்.

‘டிஜெக்டட்’: கீழே எறியப்பட்டது. எறிதலைக் குறிக்கும் லத்தீன் வேர் ‘ரிஜெக்ட்’ என்பதிலும் இருக்கிறது. அது திருப்பி எறிவது. விண்ணப்பத்தைத் திருப்பி எறிந்தார்கள், ஆள் கீழே விழுந்தார் என்று இரண்டையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

‘டவுன்காஸ்ட்’: கண் தாழ்ந்தது. முகத்தில் தெரிவதை மட்டும் சொல்லும். பிறரைப் பற்றிச் சொல்லவே பெரும்பாலும் பயன்படும்.

‘கிரெஸ்ட்ஃபாலன்’: கொண்டை சரிந்தது. சேவல் சண்டையோடு சேர்த்தே இந்தச் சொல்லை விளக்குவார்கள். வென்றுவிடுவோம் என்று நிமிர்ந்து நின்ற சேவல் தோற்றதும் கொண்டை தொங்க ஒதுங்கி நிற்கும் காட்சி. ஆகவே முன்னால் நிமிர்வு இருந்தால்தான் இந்தச் சொல் பொருந்தும். மலர்க் கண்காட்சியில் தன் ரோஜாவுக்குத்தான் முதல் பரிசு என்று உறுதியாக நம்பி, பெயர் வாசிக்கப்படாமல் திரும்பியவர் ‘கிரெஸ்ட்ஃபாலன்’. எந்த எதிர்பார்ப்பும் இல்லாமல் போனவருக்கு இது பொருந்தாது. ‘முகம் தொங்கிப் போய்விட்டது’ என்கிறோமே, அதற்கு ‘ஹிஸ் ஃபேஸ் ஃபெல்’ என்ற எளிய தொடரும் இருக்கிறது.

‘டிஃபீட்’ என்பதன் அடியில் ‘செய்ததைக் கலைத்தல்’ என்ற பொருள். ‘டிஸப்பாயின்ட்’ முதலில் பதவியிலிருந்து நீக்குவதைக் குறித்தது. அமர்த்துவது ‘அப்பாயின்ட்’, அதை எடுத்துவிடுவது ‘டிஸப்பாயின்ட்’. வேலை கிடைக்காதவர் இந்தச் சொல்லைப் பயன்படுத்துவது எவ்வளவு பொருத்தம் பாருங்கள். எழுதும்போது எஸ் ஒன்று, பி இரண்டு.

‘ஃப்ரஸ்ட்ரேட்டட்’ என்பதன் வேர் ‘வீணாக’ என்று பொருள்படும் லத்தீன் சொல். முயல்கிறோம், ஏதோ ஒன்று தடுக்கிறது, எரிச்சல் வருகிறது. கோபம் கலந்த சோர்வு இது. ஒரே சான்றிதழுக்கு நான்கு தடவை மலை இறங்கி ஏறியவருக்கு இதுவே சரியான சொல்.

‘டாண்டட்’ பழக்கி அடக்கும் செயலிலிருந்து வந்தது. தெப்பக்காடு யானை முகாமைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. எதிரே இருப்பதன் அளவைப் பார்த்து மலைத்து நிற்பதுதான் இது. தோல்வி இன்னும் வரவில்லை. தொடங்கும் முன்னரே அச்சம். இதன் எதிர்ச்சொல் ‘அன்டாண்டட்’. ‘மலைத்துப் போனேன்’ என்று தமிழ் சொல்லும் சொல்லிலேயே மலை இருக்கிறது.

‘டிமாரலைஸ்ட்’ 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரெஞ்சு வழியாக வந்தது. முதலில் ஒழுக்கத்தைக் கெடுப்பது என்ற பொருள். பிறகு படையின் மனவுறுதியைக் குலைப்பது என்று மாறியது. இன்றும் குழுவுக்கே நன்கு பொருந்தும்: அணி, அலுவலக ஊழியர்கள், சங்கம்.

ஐந்தாம் படி: ஆழம் பார்க்கத் தேயிலைத் தொழிற்சாலை

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பிறந்தவர்களுக்கு இலை போகும் பாதை தெரியும். அதை வைத்தே இந்தச் சொற்களை அடுக்குகிறேன்.

பறித்த கொழுந்து பையில் கிடக்கும்போதே சற்றுத் துவள ஆரம்பிக்கும். ஆங்கிலத்தில் ‘வில்ட்’. தண்ணீர் தெளித்தால் நிமிரக்கூடிய செடியின் நிலை. மனிதரில் இது ‘டிஸப்பாயின்டட்’, ‘டவுன்காஸ்ட்’, பேச்சு வழக்கில் ‘எ பிட் டவுன்’. ஓரிரு நாளில் சரியாகிவிடும்.

அடுத்து வாட்டும் தொட்டி. நீளமான தொட்டியில் கம்பி வலைமேல் இலையைப் பரப்பி, அடியிலிருந்து விசிறியால் பல மணி நேரம் காற்றுச் செலுத்துவார்கள். என் மாணவி ஒருத்தியின் அப்பா அங்கே வேலை பார்க்கிறார். வாட்டம் சரியா என்று அவர் பார்ப்பதை ஒருநாள் அருகில் நின்று கவனித்தேன். ஒரு கைப்பிடி இலையை அள்ளி இறுக்கிப் பிடித்தார், கையை விரித்தார். பந்துபோல் திரண்டது அப்படியே நின்றது. காம்பை வளைத்தார், ஒடியவில்லை. இதுதான் ‘டிஸ்கரேஜ்ட்’, ‘டிஸ்ஹார்ட்டன்ட்’, ‘டிஸ்பிரிட்டட்’ ஆகியவற்றின் இடம். நாள் கணக்கில், வார கணக்கில் ஈரம் போயிருக்கிறது. வளைகிறது, ஒடியவில்லை.

அப்புறம் பல் வைத்த உருளைகளுக்கிடையே போகும். இந்த முறைக்குப் பெயர் சிடிசி: ‘கிரஷ்’, ‘டேர்’, ‘கர்ல்’. அந்த மூன்றெழுத்தின் முதல் எழுத்தே ‘கிரஷ்’, நசுக்குதல். மனிதரில் ‘கிரஷ்ட்’, ‘டெவஸ்டேட்டட்’, ‘ஹார்ட்புரோக்கன்’. மெதுவாக வருவதில்லை, ஒரே அடியில் வருவது. மரணச் செய்தி, முறிந்த திருமணம், பல வருட உழைப்பு ஒரே நாளில் போனது. ஆட்டத்தில் தோற்றதற்கு ‘டெவஸ்டேட்டட்’ என்று விளையாட்டு வீரர்கள் தொலைக்காட்சியில் சொல்கிறார்கள். நான் என் மாணவர்களை அப்படிச் சொல்ல விடுவதில்லை. பெரிய சொல்லைச் சின்ன விஷயத்துக்குச் செலவழித்தால், பெரிய துயரம் வரும் நாளில் கையில் சொல் இருக்காது.

இதற்கும் அப்பால் ‘டிஸ்பான்டன்ட்’, ‘ஹோப்லெஸ்’, ‘இன் டிஸ்பேர்’. ‘டிஸ்பேர்’ என்பதன் வேரே நம்பிக்கை நீங்கியது என்பது. இந்தச் சொற்களை ஒருவர் உங்களிடம் சொன்னால், ஆங்கிலம் திருத்துவதை நிறுத்திவிட்டு அருகில் உட்காருங்கள்.

ஆறாம் படி: இலக்கணக் கண்ணிகள்

இதைச் சுருக்கமாக முடிக்கிறேன். உணர்பவருக்கு ‘எட்’, உணர வைப்பதற்கு ‘இங்’. ‘தி ரிசல்ட் வாஸ் டிஸப்பாயின்டிங்’, ஆகவே ‘ஐ வாஸ் டிஸப்பாயின்டட்’. ‘ஐ ஆம் டிஸப்பாயின்டிங்’ என்றால் என்னால் பிறருக்கு ஏமாற்றம் என்று பொருள். ‘ஐ ஆம் போரிங்’ என்பதும் அதே கதை.

‘டிஸ்கரேஜ்ட்’ பின்னால் ‘பை’. ‘டிஸப்பாயின்டட்’ பின்னால் பொருளென்றால் ‘வித்’, செய்தியென்றால் ‘அட்’ அல்லது ‘பை’, ஆளின் நடத்தையென்றால் ‘இன்’. ‘ஐ ஆம் டிஸப்பாயின்டட் இன் யூ’ மிகக் கடுமையான வாக்கியம். பெற்றோர் பிள்ளையிடம் யோசித்துச் சொல்ல வேண்டியது.

‘கிவ் அப்’ என்றால் முயற்சியைக் கைவிடுதல்; ‘கிவ் இன்’ என்றால் மற்றவர் வற்புறுத்தலுக்கு இணங்குதல். ‘ரிசைன்’ என்றால் வேலையை விடுதல். ‘ரிசைன்ட் டு’ என்றால் இனி இப்படித்தான் என்று ஏற்றுக்கொள்ளுதல்.

ஏழாம் படி: தமிழில் புழங்கும் ஆங்கிலத்தை நம்பாதீர்கள்

நாம் தினமும் தமிழுக்குள் பேசும் ஆங்கிலச் சொற்கள்தான் பெரிய ஆபத்து. அவை நம் வீட்டுச் சொற்களாகவே மாறி, பொருளும் மாறிவிட்டன.

‘ஏன் டல்லாக இருக்கிறாய்?’ என்று அன்போடு கேட்கிறோம். ஆங்கிலத்தில் ஒருவரை ‘டல்’ என்றால் மந்தமானவர், சுவாரசியம் இல்லாதவர் என்ற பொருள். விருந்தாளியிடம் ‘யூ லுக் டல்’ என்றால் புண்படுத்தியதாகவே ஆகும். ‘யூ லுக் எ பிட் டவுன்’ என்று சொல்லுங்கள்.

‘மூட் அவுட்’ ஆங்கிலத்தில் இல்லை. ‘ஐ ஆம் இன் எ லோ மூட்’, ‘ஐ ஃபீல் லோ’ என்பவை உண்டு. ‘ஃபீலிங்காக இருக்கிறது’ என்பதை ‘ஐ ஆம் ஃபீலிங்’ என்று நிறுத்தினால் வாக்கியம் பாதியில் தொங்கும். என்ன உணர்வு என்று சொல்லியாக வேண்டும். ‘வெறுத்துப் போய்விட்டது’ என்பதற்கு ‘ஹேட்டட்’ கிடையாது. ‘ஐ ஆம் ஃபெட் அப் வித் திஸ்’ என்பதே சரி. ‘அப்செட்’ மட்டும் நம் பொருளிலேயே அங்கும் இருக்கிறது, தயங்காமல் பயன்படுத்துங்கள்.

‘டிப்ரெஸ்ட்’ தனியே பேச வேண்டிய சொல். அழுத்தப்பட்டது என்பது வேர்ப்பொருள். பேச்சில் சாதாரண வருத்தத்துக்கும் பயன்படுத்துகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அது ஒரு நோயின் பெயரும்கூட. அலுவலகக் கடிதத்தில் எழுதினால் நோயாகவே படிக்கப்படும். அதற்காக, உண்மையாகவே வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் விருப்பமும் போயிருந்தால் இந்தச் சொல்லை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

எட்டாம் படி: இந்த மலையோடு சேர்ந்த தொடர்கள்

‘ஸ்னூக்கர்ட்’ என்று ஆங்கிலேயர் சொல்வார்கள்: எந்தப் பக்கமும் நகர முடியாமல் மாட்டிக்கொண்டேன் என்று பொருள். அந்த ஆட்டத்துக்கும் உதகைக்கும் உறவு உண்டு. 1875இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற இளம் ராணுவ அதிகாரி (பின்னாளில் பிரதமரான அதே பெயர்க்காரர் அல்லர்) பில்லியர்ட்ஸ் மேசையில் இந்த ஆட்டத்தை உருவாக்கியதாகச் சொல்லப்படுகிறது. வுல்விச் ராணுவக் கல்லூரியில் முதலாண்டு மாணவனைக் கேலியாக ‘ஸ்னூக்கர்’ என்பார்களாம். பந்தைக் குழியில் தள்ளத் தவறிய ஒருவரை அவர் அப்படி அழைக்க, பெயர் ஆட்டத்துக்கே ஒட்டிக்கொண்டது. 1880களில் அவர் உதகையில் இருந்தபோது ஆட்டத்தின் விதிகள் ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் எழுதி மாட்டப்பட்டன. தவறவிட்டவனைக் குறித்த சொல், பிறகு வழியடைபட்டவனைக் குறிக்கும் சொல்லாக உலகம் சுற்றுகிறது. ‘ஐ ஆம் ஸ்னூக்கர்ட்’ என்று பிரிட்டிஷ் பயணியிடம் சொல்லிப் பாருங்கள், உடனே புரிந்துகொள்வார்.

‘மெட் ஹிஸ் வாட்டர்லூ’ என்றால், பலமுறை வென்றவர் கடைசியில் மீள முடியாத தோல்வியைச் சந்தித்தார் என்று பொருள். 1815 ஜூன் 18 அன்று வாட்டர்லூவில் நெப்போலியன் தோற்றார். எதிர்ப்படைகளுக்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவர் வெலிங்டன் பிரபு. நாம் குன்னூர் போகும் வழியில் பஸ்ஸில் கடக்கும் வெலிங்டன் அவர் பெயரால் வழங்கும் ஊர்தான். வென்றவர் பெயர் நம் ஊரில், தோற்ற களத்தின் பெயர் மொழியில்.

‘அன் அப்ஹில் டாஸ்க்’: ஏற்றத்தில் செய்யும் வேலை. சமவெளிக்காரர்களுக்கு இது உவமை, நமக்கு அன்றாடம். 1899இல் குன்னூர்வரை ஓடத் தொடங்கிய மலை ரயில், கல்லாறு தாண்டியதும் பன்னிரண்டரை அடிக்கு ஓர் அடி என்ற அளவுக்கு ஏறுகிறது. நடுவில் பதித்த பல்சட்டத்தைக் கவ்வியே நகர்கிறது. கடினம், ஆனால் நின்றுவிடவில்லை என்று சொல்ல இந்தத் தொடர் உதவும். நின்றே விட்டது என்றால் ‘த்ரூ இன் தி டவல்’. குத்துச்சண்டையில் பயிற்சியாளர் துண்டை மேடைக்குள் எறிந்து, போதும் என்று ஒப்புக்கொள்வது.

ஒன்பதாம் படி: மற்றவர் சொல்லும்போது என்ன பதில்?

சின்னத் தோல்விக்கு ‘ஹார்ட் லக்’. பெரிய ஏமாற்றத்துக்கு ‘ஐ ஆம் ஸோ ஸாரி டு ஹியர் தட்’. தொடரச் சொல்ல ‘டோன்ட் லூஸ் ஹார்ட்’. இதில் ‘யுவர்’ சேர்க்காதீர்கள், ‘லூஸ் யுவர் ஹார்ட்’ என்பது காதலில் விழுவதைச் சொல்லும். நண்பருக்கு ‘ஹேங் இன் தேர்’.

‘ஃபீல் பண்ணாதே’ என்பதை ‘டோன்ட் ஃபீல்’ என்று மாற்றாதீர்கள். உணராதே என்று ஒருவருக்குக் கட்டளையிடுவதாகிவிடும். ஆறுதல் சொல்லப் போய்க் கல்நெஞ்சர் ஆகிவிடுவோம்.

பத்தாம் படி: எழுதிப் பார்த்தல்

அந்த இளைஞரின் கடிதத்துக்கு வருகிறேன். நோட்டின் நடுவில் கோடு போட்டோம். இடப் பக்கம்: தேர்வாகவில்லை. வலப் பக்கம்: ஏமாற்றம். ஆழம்: பையில் துவண்ட கொழுந்து. எழும் தெம்பு: இருக்கிறது. பிறகு அவரே எழுதினார்:

‘ஐ வாஸ் டிஸப்பாயின்டட் நாட் டு பி செலக்டட், பட் ஐ ஆம் நாட் டிஸ்கரேஜ்ட். ஐ வுட் பி கிரேட்ஃபுல் இஃப் யூ குட் டெல் மீ வேர் ஐ ஃபெல் ஷார்ட். ஐ ஹோப் டு அப்ளை அகெய்ன்.’

ஏமாற்றத்தை இறந்தகாலத்தில் வைத்ததைக் கவனியுங்கள். அது நடந்து முடிந்தது. மனம் தளரவில்லை என்பது நிகழ்காலத்தில். ‘ஃபெல் ஷார்ட்’ என்றால் எட்டாமல் போனது. ‘ஃபெயில்ட்’ என்பதைவிட அளவான சொல், எத்தனை தூரம் குறைந்தது என்று கேட்க இடம் தருவது.

நீங்களும் இன்றே உங்கள் வாழ்க்கையில் தவறிப்போன மூன்று விஷயங்களைத் தமிழில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் கோடு போட்டு, நடந்ததற்கு ஒரு சொல், உணர்ந்ததற்கு ஒரு சொல் தேர்ந்தெடுங்கள். அகராதியை மூடிவிட்டு, ஏன் பக்கத்துச் சொல்லை எடுக்கவில்லை என்று ஒரு வரி தமிழில் எழுதுங்கள். சத்தமாகப் படியுங்கள். அந்த இளைஞர் ஈரக் கரும்பலகைக்கு முன் நின்று நான்கு தடவை படித்தார். மூன்றாவது தடவை ‘டிஸ்கரேஜ்ட்’ என்ற இடத்தில் நாக்கு தடுக்கியது; நிறுத்தி, தனியே அந்தச் சொல்லை மட்டும் சொல்லிப் பார்த்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.